பின்கதவுப் பாய்

அத்தியாயம் 14

எலி தள்ளிவிட்ட கை மறுநாள் காலையிலும் வலித்தது.

ஒன்றரை வயதுக் குழந்தை தள்ளினால் கை வலிக்குமா என்று கேட்கிறவர்கள் போன வாரத்து இதழைக் கோட்டைவிட்டவர்கள். அவர்களுக்காக நாலு வார்த்தை.

எலி என்பது செல்லப்பெயர். பிறந்தபோது அத்தனை சின்னதாக இருந்துகொண்டு அத்தனை கீச்சென்று கத்தியதால் அப்பா வைத்தது. அந்த அப்பா ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்துவிட்டு, லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வருகிறவர். அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். முதல் மாடியில் நாத்தனார், அதாவது எலிக்கு அத்தை. பகல் முழுவதும் எலியைப் பார்த்துக்கொள்வது ஆயாம்மா. கடல் தாண்டிப் பிழைக்க வந்தவள், வேறு பாஷைக்காரி. நம் பாஷையை வேலை பார்த்த வீடுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கிச் சேர்த்தவள்.

நேற்று சாயங்காலம் அந்த ஆயாம்மா தன் அறைக்குக் கிளம்பியபோது எலி மூச்சு முட்ட அழுதாள். தூக்கப்போன அம்மாவின் கையைத் தள்ளிவிட்டாள். அழுததுகூடப் போகட்டும். தள்ளியதும் போகட்டும். அதை நாத்தனார் பார்த்ததுதான் பொறுக்கவில்லை.

"குழந்தைக்குத் தெரிஞ்சு போச்சும்மா, யாரு தன்னோட ஆளுன்னு" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் சொல்லாதவள் போல நாத்தனார் படியிறங்கிப் போய்விட்டாள். சொன்னவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். கேட்டவள்தான் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள்.

விடிந்ததும் அடுப்படியில் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஆயாம்மாவ நிறுத்திடப் போறேன்."

லிஃப்ட் மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்தார். "போன மாசம்தானே 'இவங்கள மாதிரி ஆள் கெடைக்கறது அபூர்வம்'னே?"

"அந்த அபூர்வம்தான் பயமா இருக்கு."

"என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல. நான்தான் ஒண்ணும் பண்ணல போலிருக்கு." அவள் அடுப்பை அணைத்தாள். "நான் தெனமும் வேலைக்குப் போறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்காக அழுதிருக்காளா அவ?"

"அழலைன்னா நல்லதுதானே. நிம்மதியாப் போயிட்டு வரலாம்ல?"

ஆண்கள் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தால் இப்படித்தான். பழுது இருக்கிற இடத்தை விட்டுவிட்டு நன்றாக ஓடுகிற மோட்டாருக்கு எண்ணெய் போடுவார்கள். அவர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். எலி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பொறாமை என்று சொன்னால் எலியின் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆயாம்மா குழந்தை வளர்க்கிற விதம் சரியில்லை என்பாள். கேட்டால் ஒரு மூட்டை அவிழ்ப்பாள்.

குழந்தை விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குவதில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். சாப்பாட்டை ஊட்டுவதில்லை, தட்டை முன்னால் வைத்துவிடுகிறாள். பாதி வயிற்றுக்கு, பாதி தரைக்கு. படுக்கையறைக் கண்ணாடிமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டாள், பேச்சு வருகிற வரைக்கும் குழந்தை தன் முகத்தைப் பார்க்கக் கூடாதாம். இப்படி ஒரு கூத்தை எங்கேயாவது கேட்டதுண்டா? அம்மா தினமும் துண்டை எடுப்பாள், ஆயாம்மா தினமும் போடுவாள். இரண்டு பேரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அப்புறம் கை கழுவி விடுவதில்லை. பின்கதவின் அடிப்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கை அழுக்கு. ராத்திரியில் ஈரத் துணியால் துடைக்கத் துடைக்க மறுநாள் அதே இடத்தில் அதே அழுக்கு.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பாய். படுக்கையறை இருக்கிறது, மெத்தை இருக்கிறது, ஓடுகிற மின்விசிறி இருக்கிறது. மத்தியானம் எலியைத் தூங்க வைப்பது பின்கதவை ஒட்டி, துடைப்பத்துக்கும் வாளிக்கும் நடுவில் தரையில் பாயை விரித்து. கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித்தர வந்த நாத்தனார் ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"ஏன் அங்க படுக்க வைக்கிறீங்க?" என்று அம்மா கேட்டதற்கு ஆயாம்மா சொன்னது இரண்டு சொல்.

"அங்கதான் தூங்கும்."

"தூங்குமாம்ல! ராஜகுமாரிக்குத் தொடப்பக்கட்ட வாசன இல்லாம தூக்கம் வராதாம்!" என்று நாத்தனார் மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

இத்தனையும் நியாயமான புகார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் குழந்தையின் தலையணை உறையை ஏன் தினம் துவைக்க வேண்டும்? அதில் ஆயாம்மாவின் தலை எண்ணெய் வாசனை வருகிறதாம். போன ஞாயிற்றுக்கிழமை, ஆயாம்மா இல்லாதபோது, அவள் சமையலறையில் மாட்டிவிட்டுப் போன பச்சைக் கட்டம் போட்ட மேலங்கியை எடுத்து ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்? எலி ஓடிவந்து அந்தப் பச்சைத் துணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அன்றைக்கு அம்மா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுததை நாம் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஆயாம்மா வந்துவிட்டாள். எலி எழுந்துவிட்டாள். இனி அம்மா கிளம்ப வேண்டும். அது ஒரு தனிக் கலை.

கைப்பையை முந்தின ராத்திரியே பின்பக்கத்து பால்கனியில், துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே ஒளித்துவைத்துவிடுவாள். செருப்பு நாத்தனார் வீட்டில். வெளியே போகிற உடுப்பை எலி கண் விழிப்பதற்குள் உடுத்தி, அதன்மேல் பழைய நைட்டியை மாட்டிக்கொள்வாள். ஆயாம்மா கூடத்தில் எலிக்குத் தட்டு வைக்கிற சமயம் பார்த்து நைட்டியைக் கழற்றி எறிந்து, பூனை நடை நடந்து, பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, இரும்புப் படியில் வெறுங்காலோடு இறங்குவாள். சொந்த வீட்டிலிருந்தே திருடிக்கொண்டு போகிறவளைப் போல.

இது அவள் கண்டுபிடித்ததல்ல. அவளுடைய அம்மாவும் வேலைக்குப் போனவள்தான், இப்படித்தான் போனாள். 'புள்ளைய அழ வெச்சிட்டுப் போறவ ஒரு தாயா?' என்பது அந்த வீட்டு வேதவாக்கு.

ஆயாம்மாவின் வழக்கம் நேர் எதிர். சாயங்காலம் முன்வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, எலியின் இரண்டு உள்ளங்கையையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். "போறேன். இருட்டும். விடியும். வருவேன்" என்பாள். எலி வீடு இரண்டாக அழுவாள். அந்த அழுகைக்கு நடுவிலேயே ஆயாம்மா எழுந்து போய்விடுவாள்.

"வாயில நல்ல வார்த்த வராதா இவளுக்கு? 'போறேன்'னா சொல்லுவாங்க?" என்று நாத்தனார் அதற்கும் ஒரு குட்டு வைத்திருந்தாள்.

அம்மா அன்றைக்கும் வெறுங்காலோடு முதல் மாடிக்கு இறங்கினாள். நாத்தனார் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். செருப்போடு கொஞ்சம் விஷமும்.

"என்னம்மா, கண்ணு வீங்கியிருக்கு?"

"தூக்கமில்ல அண்ணி."

"எப்படி வரும்? எனக்கே வரல" என்றாள் பொய்யாக. "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதே. வாடகைக்கு வந்தவங்க வீட்டைச் சொந்தமாக்கிக்கிட்ட கதையெல்லாம் இருக்கு. முளைக்கறப்பவே கிள்ளிடணும்."

"இன்னிக்கே கிள்ளிடறேன்."

தெருமுனையில் நின்றபடியே வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் செய்தாள்.

"குழந்தையப் பாத்துக்க ஆள் வேணும். நம்ம பாஷை பேசறவங்களா, நம்ம மாதிரி வளக்கத் தெரிஞ்சவங்களா வேணும்."

"இருக்காங்க மேடம். நல்ல அனுபவம். குழந்தைங்க அப்படியே ஒட்டிக்கும்."

"இல்லல்ல. ரொம்ப ஒட்டக் கூடாது."

"புரியல மேடம்" என்றான் ஏஜென்சிக்காரன்.

"நல்லாப் பாத்துக்கணும்" என்று அவள் விளக்கினாள். "ஆனா ரொம்ப நல்லாப் பாத்துக்கக் கூடாது. புரியுதா?"

"மேடம், அப்படி ஆள் கெடைக்கறது ரொம்ப சுலபம்" என்றான் அவன். "சாயங்காலம் அனுப்பறேன்."

மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்றைக்கு முதல் ஆள் ஒரு டாக்சி டிரைவர். இருட்டறையில் உட்கார வைத்து, சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, எதிரே எழுத்துப் பலகையில் விளக்கைப் போட்டாள். ஒரு கண்ணைக் கறுப்பு வில்லையால் மூடிவிட்டு மறுகண்ணைச் சோதிப்பது முறை.

"மேல் வரி தெரியுதா?"

"தெரியலம்மா."

வில்லையை மாற்றினாள். "இப்ப?"

"இப்பவும் தெரியல."

எலியின் பிதுங்கிய உதடு நினைவுக்கு வந்தது. இன்னொரு வில்லை மாற்றினாள். "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?"

"ரெண்டும் ஒரே இருட்டும்மா" என்றார் டிரைவர் பயந்துபோய். "நேத்து ராத்திரி வரைக்கும் வண்டி ஓட்டினேனே!"

கடை முதலாளி எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் கறுப்பு வில்லை இருந்தது.

"ரெண்டு கண்ணையும் மூடிட்டுப் படிக்கச் சொன்னா அவர் என்னம்மா பண்ணுவார்?" முதலாளி நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் படுத்துட்டு வாங்க. சாயங்காலம் கூட்டம் வர்றப்ப இருந்தாப் போதும்."

அதுவும் நல்லதுக்குத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். புது ஆள் வருவதற்கு முன்னால் பழைய ஆளிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். என்ன சொல்வது என்று பஸ்ஸில் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தாள். 'உங்க மேல குறை ஒண்ணுமில்ல, ஆனா...' அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை.

பகலில் வந்தாலும் அவள் வருவது பின்பக்கமாகத்தான். எலி பார்த்துவிட்டால் மறுபடி கிளம்ப முடியாதே. இரும்புப் படி ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, பால்கனியில் பின்கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் கூடமும் திறந்திருக்கிற படுக்கையறையும் தெரியும்.

எலி கூடத்தில் இருந்தாள். அம்மாவின் பழைய நைட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தாள். காலையில் கழற்றி எறிந்த நைட்டி.

ஜன்னல் திரையைத் தூக்கிப் பார்த்தாள். சோபாவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். ஆயாம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தாள். எலி குளியலறைக் கதவைத் தட்டினால் ஆயாம்மா அதைத் திறந்து காட்டினாள். அலமாரியைக் காட்டினால் அலமாரியைத் திறந்தாள். எலி கட்டிலுக்கடியில் குனிந்தபோது, அந்தப் பெரிய உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஆயாம்மாவும் மண்டியிட்டுக் குனிந்தாள்.

கண்ணாமூச்சி.

அம்மாவுக்கு வயிறு எரிந்தது. நான் அங்கே ஒரு டிரைவரைக் குருடனாக்கிவிட்டு நிற்கிறேன், இவர்கள் இங்கே கண்ணாமூச்சி விளையாடுகிறார்கள். என்னோடு ஒருநாளாவது இப்படி விளையாடினாளா?

அப்புறம்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இரண்டு பேருமே தேடுகிறார்கள். அப்படியானால் ஒளிந்திருப்பது யார்?

எலி கட்டிலடியிலிருந்து எழுந்தாள். நைட்டியை இழுத்துக்கொண்டு சமையலறையைக் கடந்து நேராகப் பின்கதவுக்கு வந்தாள். கதவின் அந்தப் பக்கத்தில், அம்மாவின் முழங்கால் உயரத்தில், தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு உள்ளங்கையாலும் தட்டுகிற சத்தம்.

"மா?"

அழவில்லை. கேள்வியாகத்தான் கேட்டாள். வீட்டில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பது போல.

"மா?"

அம்மாவின் கை தாழ்ப்பாள்மேல் இருந்தது. துடைக்கத் துடைக்க அதே இடத்தில் வந்த அழுக்கு நினைவுக்கு வந்தது. எத்தனை ராத்திரி ஈரத் துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறாள். அவ்வளவும் அவளைக் கூப்பிட்ட கை.

தட்டுவது நின்றது. பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். எலி கதவைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள், நைட்டியைக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரல் வாயில். ஆயாம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டிக்கொடுக்கவில்லை, பாடவில்லை.

"வருவாங்க" என்றாள் கதவைப் பார்த்து. "சாயங்காலம் வருவாங்க."

அம்மா கதவைத் திறந்தாள்.

எலி நிமிர்ந்து பார்த்தாள். ஓடிவரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், வெறும் பாதத்தைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஆயாம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா?" என்றாள் அம்மா. "என்கிட்ட வரமாட்டேங்குறா."

"கோபம்" என்றாள் ஆயாம்மா. "சாயங்காலம் நீங்க வந்தா, இதே கோபம். கையைத் தள்ளும். ராத்திரி தீரும். காலைல நீங்க மறுபடி காணோம்."

"தெனமுமா?"

"தினம்."

"இப்படி வீடு பூரா தேடிக்கிட்டா?"

ஆயாம்மா தலையை அசைத்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" அம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "பாயப் பத்தி அன்னிக்கு நான் கேட்டேனே. 'அங்கதான் தூங்கும்'னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டீங்களே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அவ அழுதது அத்தனையும் உங்களுக்குன்னு நெனச்சு நான் ராத்திரியெல்லாம் வெந்துகிட்டு இருந்தேனே!"

ஆயாம்மா எலியின் முதுகில் இருந்த தன் கையை எடுத்துக்கொண்டாள். அந்த முகத்தில் முதல் தடவையாக வெட்கம் தெரிந்தது.

"சாயங்காலம் எனக்காக அழும்" என்றாள். "எனக்கு மட்டும் அழும். நல்லா இருந்துச்சு, அம்மா. சொன்னா நீங்களும் சொல்லிட்டுப் போவீங்க. அப்ப உங்களுக்கும் அழும். எனக்குப் பாதிதான்."

குழந்தைக்குச் சாப்பாட்டில் உப்பு போட மறந்தேன் என்பது போல அத்தனை நேராகச் சொன்னாள். அம்மாவுக்குத் திருடியைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரியும் இருந்தது, கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்த மாதிரியும் இருந்தது.

"என் பொண்ணோட அழுகையில உங்களுக்குப் பங்கா?"

"எனக்குப் பையன் ஒண்ணு இருக்கான்." ஆயாம்மா பின்கதவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என் தங்கச்சி வளக்கறா. அவளை அம்மான்னு கூப்பிடறான். போன்ல என்னை 'அந்த அம்மா'. தங்கச்சி சந்தோஷமாச் சொல்லுவா, அவன் பல்லு விழுந்துச்சு, அவன் சட்டை பத்தல. எனக்கு அவ கழுத்த நெரிக்கணும். என் கூடப் பிறந்தவ. நல்லாத்தான் பாத்துக்கறா. அதுக்குத்தான் நெரிக்கணும்."

அம்மா மெல்லப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க ஊர்ல சொல்லாம போறது செத்தவங்க மட்டும்தான்" என்றாள் ஆயாம்மா. "உயிரோட இருக்கறவங்க சொல்லிட்டுத்தான் போகணும். நான் பையன்கிட்ட சொன்னேன். அவன் பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடி வந்தான். விழுந்தான். அப்படி ஒரு அழுகை. இப்ப யாரை அம்மான்னு கூப்பிட்டாலும், அன்னிக்கு அழுதது எனக்கு. அது என்கிட்ட இருக்கு."

பிறகு கொஞ்சம் கொடுமையாகவே சொன்னாள். "உங்ககிட்ட இல்ல."

இதைக் கேட்டு எலியின் அம்மா மனம் உருகிப்போனாள், ஆயாம்மாவைக் கட்டிக்கொண்டாள் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லையே. அவளுக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. இத்தனை மாதமாகத் தனக்கு வந்து சேர வேண்டியதை ஒருத்தி வாசலிலேயே வாங்கி மடியில் கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பையனுக்காக நெஞ்சு வலித்தது, அதே நெஞ்சு எரியவும் செய்தது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா என்றால், இருக்கிறது, என்ன செய்வது?

எலி மடியிலிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து அம்மாவைப் பார்த்தாள். கையை நீட்டி அம்மாவின் கால் கட்டைவிரலைத் தொட்டாள். நிஜமான கால்தானா என்று பார்க்கிற மாதிரி அழுத்திப் பார்த்தாள். அப்புறம் ஊர்ந்து வந்து ஏறிக்கொண்டாள். அம்மாவின் தோளில் தலை வைத்தாள். எலியின் முடியில் ஆயாம்மாவின் எண்ணெய் வாசனை அடித்தது. அம்மா அதையும் சேர்த்து முகர்ந்தாள்.

அங்கேயே எலி தூங்கினாள். அம்மாவும் பாயில் முதுகைச் சாய்த்தாள். ஆயாம்மா இரண்டு பேரையும் விட்டுவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். வழக்கத்தைவிடச் சத்தம் அதிகமாக இருந்தது.

சாயங்காலக் கூட்டத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. எலி விழித்து, நல்ல மனநிலையில், வாழைப்பழத்தைப் பாதி தனக்கும் பாதி அம்மாவின் சட்டைக்குமாகத் தின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் கால்கள் தாமாகவே பின்கதவுப் பக்கம் திரும்பின.

"அம்மா" என்றாள் ஆயாம்மா. "முன்கதவு."

"என்னால முடியாது. அழுவா."

"அழும்."

அம்மா பால்கனியிலிருந்து செருப்பையும் கைப்பையையும் எடுத்து வந்தாள். எலி பார்க்கப் பார்க்கச் செருப்பை மாட்டினாள். முன்வாசல் கதவைத் திறந்தாள். உட்கார்ந்து, எலியின் பிசுபிசுத்த உள்ளங்கைகளை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். 'போறேன்' என்று வாயில் வரவில்லை. அது அவளுடைய சொல்லல்ல.

"அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன். இருட்டினதும் வந்துடுவேன். சரியா, எலி?"

எலி சிரித்தாள். புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். அம்மா எழுந்து வாசலைத் தாண்டியபோதுதான் புரிந்தது.

அப்படி ஓர் அலறலை அந்தக் கட்டடம் கேட்டதில்லை. எலி ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். ஆயாம்மா விரல் விரலாகப் பிரித்துத் தூக்க வேண்டியிருந்தது. தூக்கியபோதும் ஆயாம்மாவின் தோளுக்கு மேலாக இரண்டு கையையும் அம்மா பக்கமே நீட்டிக்கொண்டு துடித்தாள். ஆயாம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஆயாம்மா அதைக் கவனித்தாள். தலையை மட்டும் ஆட்டி, போ என்றாள்.

அம்மா படியிறங்கினாள். அழுகை கூடவே இறங்கி வந்தது. நெஞ்சு பிளந்துவிடும் போலிருந்தது. அதற்குள்ளே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு சந்தோஷமும் இருந்தது. வெட்கம் கெட்ட, பெரிய சந்தோஷம். என்னுடையது. இது முழுக்க என்னுடையது.

முதல் மாடியில் நாத்தனார் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

"என்னடி இது, கொல பண்ற மாதிரி கத்துறா! அடிச்சிட்டாளா அவ? சொல்லு, நான் போய்க் கேக்குறேன்!"

"யாரும் அடிக்கல அண்ணி." எலியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "எனக்காக அழுவுறா."

நாத்தனார் ஒரு படி மேலே ஏறி எட்டிப் பார்த்தாள்.

"அது கெடக்கட்டும். ஏஜென்சியிலேர்ந்து ஒருத்தி வந்திருக்கா. சாயங்காலம்னு சொன்னாங்களாம், சீக்கிரமே வந்துட்டா. நான்தான் உள்ள உக்கார வெச்சேன். நல்ல பொம்பளையாத் தெரியுது. நம்மள மாதிரியே பேசறா."

உள்ளேயிருந்து ஒரு பெண் துணிப்பையோடு எழுந்து வந்தாள். துவைத்து மடிப்புக் கலையாத புடவை, கனிவான முகம். குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலே கேட்கிற அழுகையைக் கேட்டு உச்சுக்கொட்டினாள்.

"பாப்பா அம்மாவத் தேடுதா? கவலையே படாதீங்கம்மா, எத்தன புள்ளைங்களப் பாத்திருக்கேன். நாளையிலேர்ந்து நான் வேடிக்க காட்டிக்கிட்டே இருப்பேன், நீங்க பின்பக்கமாப் போயிடுங்க. நீங்க போனதே அதுக்குத் தெரியாது. ஒரு சொட்டுக் கண்ணீர் வர விடமாட்டேன்."

காலையில் தெருமுனையில் நின்று எலியின் அம்மா கேட்டது இதேதான். நம் பாஷை, நம் மாதிரி வளர்ப்பு. ஒட்டாத கை. கேட்டபடியே வந்து நிற்கிறது.

"என்ன யோசன?" என்றாள் நாத்தனார். "நாளைக்கே வரச் சொல்லிடு. அவளுக்கு இன்னிக்கே கணக்க முடிச்சிடலாம்."

அம்மா வாயைத் திறந்தாள். அதே நேரம் மூன்றாம் மாடியில் அழுகை நின்றது. தேய்ந்து தேய்ந்து அல்ல, சட்டென்று நின்றது. கட்டடமே காலியானது போல இருந்தது. கொஞ்சம் பொறுத்து எலி விக்கி விக்கிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அவ்வளவு சீக்கிரமா?

யாருடைய மடியில் நின்றது என்று அவளுக்குத் தெரியும். அந்த எண்ணெய் வாசனையும் தெரியும். சற்றுமுன் தன்னுடையதாக இருந்த சந்தோஷத்தின் அடியில் பழைய எரிச்சல் மறுபடி பற்றிக்கொண்டது.

"சொல்லுங்கம்மா" என்றாள் புதியவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "நாளைக்கு வரட்டுமா?"